ஆரல்வாய்மொழிக் காற்றும் கேதார்நாத் ஹெலிகாப்டரும்

ஆனி, ஆடியில் நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்கு இது தெரியும். தோவாளை வரைக்கும் முகத்தில் சாரல் அடிக்கும். ஆரல்வாய்மொழியில் பஸ்ஸே ஒரு பக்கம் சாய்கிறதோ என்று தோன்றும்படி காற்று தள்ளும். முப்பந்தல் காற்றாலைகள் ஓயாமல் சுற்றும். காவல்கிணறு தாண்டினால் சுள்ளென்று வெயில், கண்ணில் மண். அரை மணி நேரத்துக்குள் மூன்று வானிலை. எல்லாவற்றுக்கும் காரணம் குறுக்கே நிற்கும் மலையும் அதில் விழுந்திருக்கும் ஒரு கணவாயும்தான்.

உயர்ந்த மலைகளின் மேல் ஹெலிகாப்டரில் சுற்றிப் பார்க்கப் போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி இந்தப் பஸ் பயணத்திலேயே இருக்கிறது. குமரிக்காரர்களுக்கு ஹெலிகாப்டர் என்றதும் நினைவுக்கு வருவது 2017 ஒக்கிப் புயல். கடலில் காணாமல்போன மீனவர்களைத் தேடிக் கடற்படையும் கடலோரக் காவல்படையும் பறந்த நாட்கள். அடுத்து, தலைவர்கள் வரும்போது கன்னியாகுமரி அரசு விருந்தினர் மாளிகை ஹெலிபேடில் வந்து இறங்குவது. இரண்டும் கடல் மட்டத்து வேலை. கேதார்நாத்துக்கோ வைஷ்ணோதேவிக்கோ போகவும், காத்மாண்டுவிலிருந்து எவரெஸ்ட் பார்க்கவும் ஏறுகிற ஹெலிகாப்டர் வேறு கணக்கில் பறக்கிறது. எதற்காக எடை கேட்கிறார்கள், ஏன் விடியுமுன்னே வரச் சொல்கிறார்கள், வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஏன் ரத்து என்கிறார்கள் என்பதெல்லாம் அந்தக் கணக்கில்தான் அடங்கியிருக்கிறது.

காற்றுக்கு எடை உண்டு

கடல் மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.2 கிலோ. கேதார்நாத் உயரத்தில் அது 0.85 கிலோவாகக் குறைகிறது. 5,500 மீட்டரில் 0.7 கிலோதான். ஹெலிகாப்டரின் மேல்விசிறி காற்றைக் கீழே தள்ளித்தான் தன்னைத் தூக்கிக்கொள்கிறது. தள்ளுவதற்குக் காற்று குறைந்தால் இறக்கைகளை இன்னும் சாய்த்து வெட்ட வேண்டும். அதற்குக் கூடுதல் சக்தி வேண்டும். சக்தி கொடுக்க வேண்டிய என்ஜினும் அதே மெலிந்த காற்றைத்தான் உள்ளே இழுக்கிறது. தேவை கூடுகிற நேரத்தில் வரத்து குறைகிறது. வால்விசிறிக்கும் இதே பாடுதான். மூக்கை நேராக வைத்திருக்க அதற்கு இருக்கும் பிடி உயரத்தில் தளர்ந்துவிடுகிறது.

உயரத்தோடு சூடும் சேர்ந்துகொள்கிறது. சூடான காற்று இன்னும் மெலியும். ஆகவே பைலட் பார்ப்பது வரைபடத்தில் உள்ள உயரத்தை மட்டுமல்ல. அடர்த்தி உயரம் என்று ஒன்றைக் கணக்கிடுகிறார்; காற்றின் மெலிவை வைத்துப் பார்த்தால் எந்த உயரத்தில் நிற்பதற்குச் சமம் என்பதுதான் அது. விதி எளிது: அந்த உயரத்தில் இருக்க வேண்டிய நியமமான வெப்பத்தைவிட எத்தனை டிகிரி கூடுதலோ, ஒவ்வொன்றுக்கும் 120 அடி சேர்த்துக்கொள்ள வேண்டும். கடல் மட்டத்து நியமம் 15 டிகிரி. ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 2 டிகிரி குறையும். கன்னியாகுமரிக் கடற்கரையில் 32 டிகிரி வெயில் என்றால் 17 டிகிரி கூடுதல், 2,040 அடி. அதாவது காந்தி மண்டபத்துக்குப் பக்கத்தில் நிற்கும் ஹெலிகாப்டருக்கு, தான் 600 மீட்டர் குன்றின் மேல் நிற்பதாகத்தான் படும். மகேந்திரகிரி உச்சி 1,645 மீட்டர், அதாவது சுமார் 5,400 அடி. அதே பகலில் அங்கே அடர்த்தி உயரம் 7,400 அடியைத் தாண்டும்.

இப்போது கேதார்நாத்துக்கு வாருங்கள். இடம் 3,583 மீட்டர், 11,750 அடி. நியம வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே 8. காலையில் 2 டிகிரி என்று வைத்தால் அடர்த்தி உயரம் சுமார் 12,950 அடி. நடுப்பகலில் 14 டிகிரிக்கு ஏறினால் 14,400 அடி. காலைப் பலகாரத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவே அதே ஹெலிபேட் 440 மீட்டர் வளர்ந்துவிடுகிறது. காலை ஏழு மணிக்கு ஐந்து பேரை ஏற்றிய அதே பைலட் பதினொரு மணிக்கு நான்கு பேர் போதும் என்றால், யாருக்கோ இடம் பிடித்து வைத்திருக்கிறார் என்று சந்தேகப்பட வேண்டாம்.

எழுபதுன்னு போடு மக்கா

டிக்கெட் போடும் இடத்தில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது.

"அண்ணாச்சி, வெயிட்டு எவ்வளவுன்னு போட?"

"எழுபதுன்னு போடு மக்கா, அங்க போயி பாத்துக்கிடலாம்."

உண்மையில் எழுபத்தாறு இருக்கும். ஸ்வெட்டர், ஷூ, கையில் பை என்று இன்னும் இரண்டு கிலோ. இந்த எட்டு கிலோவால் என்ன குடிமுழுகிப் போகும் என்று தோன்றலாம். கணக்குப் போட்டே பார்க்கலாம்.

மலைச் சுற்றுலாவில் உலகம் முழுக்கப் பரவலாக ஓடுவது ஏர்பஸ் எச்125 வகை. பழைய பெயர் ஏஎஸ்350. 2005 மே 14 அன்று பிரெஞ்சு பைலட் திதியே டெல்சால் எவரெஸ்ட் உச்சியிலேயே தொட்டு நின்றது இந்த வகை ஹெலிகாப்டரில்தான். ஒரே என்ஜின், பைலட்டைத் தவிர ஐந்து பேர் வசதியாக உட்காரலாம். உள்ளே சுமை ஏற்றிக் கிளம்ப அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 2,250 கிலோ. இருக்கை, ரேடியோ எல்லாம் பொருத்திய வெறும் எடை ஏறத்தாழ 1,300 என்று கொள்வோம். பைலட் 80. பயணிகள் ஐந்து பேர், ஆளுக்கு 75 வீதம் 375. கூட்டினால் 1,755. மீதி 495 கிலோ. டேங்க் நிறைய, 540 லிட்டர் எரிபொருளும் 430 கிலோ அளவில்தான் வரும். கடல் மட்டத்தில் பிரச்சினையே இல்லை.

மலையில் அந்த 2,250 செல்லாது. ஒவ்வொரு உயரத்துக்கும் வெப்பத்துக்கும் எவ்வளவு எடையோடு அந்தரத்தில் நிற்க முடியும் என்று ஹெலிகாப்டரின் கையேட்டில் வரைபடம் இருக்கிறது. அன்றைக்கு அது 1,950 கிலோ காட்டினால் எரிபொருளுக்கு மிஞ்சுவது 195 கிலோ. இந்த வகை ஒரு மணி நேரத்துக்குக் குடிப்பது ஏறத்தாழ 145 கிலோ. போக, வர, வழியில் மேகம் வந்தால் சுற்றிப் போக, அவசரத்துக்குக் கையிருப்பு, எல்லாம் அந்த 195-க்குள். ஐந்து பேரும் ஆளுக்கு எட்டு கிலோ மறைத்தால் 40 கிலோ. நிமிடக் கணக்கில் அது பதினாறு நிமிட எரிபொருள். பள்ளத்தாக்கின் வாய் மேகத்தில் மூடி, பக்கத்துப் பள்ளத்தாக்கு வழியாகத் திரும்ப வேண்டி வந்தால் அந்தப் பதினாறு நிமிடம்தான் கைகொடுக்கும். அதைத்தான் ஸ்வெட்டருக்குள் ஒளித்துக்கொண்டு ஏறுகிறோம்.

ஆகவே ஹெலிபேடில் எடை மெஷினில் ஏற்றாமல், வாயால் சொன்னதை எழுதிக்கொள்ளும் நிறுவனம் என்றால் யோசிக்க வேண்டியதே. நல்ல இடங்களில் ஷூவோடும் பையோடும் நிறுத்துப் பார்க்கிறார்கள். குறிப்பிட்ட எடைக்கு மேல் கூடுதல் கட்டணம் வாங்குவதும் வழக்கம். கேதார்நாத் சேவையில் பைக்கு 2 கிலோதான். இடம் ஒதுக்குவதும் எடையைப் பார்த்துத்தான். பைலட் பொதுவாக வலப்பக்கம் உட்காருவார். முன் இடப்பக்கம் எல்லோரும் ஆசைப்படும் இருக்கை, ஆனால் யாரை அங்கே வைத்தால் வண்டியின் சமநிலை சரியாக இருக்குமோ அவருக்குத்தான் அது கிடைக்கும். அதற்குத் தனியாகக் காசு வாங்கிக்கொண்டு உறுதி சொல்லும் ஏஜென்ட், தன்னால் தர முடியாததை விற்கிறார்.

எவரெஸ்ட் பக்கம் இந்தக் கணக்கு கண்ணெதிரே நடக்கும். காத்மாண்டு 1,400 மீட்டர். அங்கிருந்து லுக்லா, சுமார் 2,850. எரிபொருள் போடும் இடம். அதற்கு மேல் 4,300 மீட்டர் வாக்கில் பெரிச்சே என்ற ஊரில் ஐந்து பேரையும் இறக்கிவிட்டு, இரண்டு மூன்று பேராகப் பிரித்து, 5,500 மீட்டரை ஒட்டிய காலா பத்தர் பகுதிக்கு மேலே கொண்டுபோவார்கள். ஒரு குழு மேலே போய் வரும்வரை மற்றவர்கள் குளிரில் காத்திருக்க வேண்டும். இதைச் சொல்லாமலே டிக்கெட் விற்பதால் வரும் சண்டைகள் அதிகம். மேலே இறங்க அனுமதி உண்டா, இல்லை சுற்றிக் காட்டித் திருப்பிவிடுவதா என்பதும் காலத்துக்குக் காலம் மாறுகிறது. எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. இறங்கினாலும் என்ஜினை நிறுத்த மாட்டார்கள். அந்தக் குளிரிலும் மெலிந்த காற்றிலும் திரும்ப உயிர்ப்பிப்பதை நம்பி யாரும் நிறுத்துவதில்லை. பத்து நிமிடம்; படம் எடுத்துவிட்டு ஏறிவிட வேண்டும்.

மலையின் இரண்டு பக்கம்

ஆரல்வாய்மொழிக்குத் திரும்புவோம். மேற்கிலிருந்து வரும் காற்று மலையில் முட்டி மேலே ஏறுகிறது. ஏறும்போது குளிர்ந்து சாரலாகிறது. மறுபக்கம் வழிந்து இறங்குகிறது. இறங்கும்போது சூடேறி உலர்கிறது. குறுகலான கணவாயில் நெருக்கப்பட்டு வேகம் எடுக்கிறது. இதே மூன்றும் இமயமலையில் பத்து மடங்கு பெரிதாக நடக்கின்றன.

காற்று மோதும் பக்கத்தில் போகும் ஹெலிகாப்டரை அந்தக் காற்றே தூக்கிக் கொடுக்கும். மறுபக்கத்தில் அதே காற்று கீழே அழுத்தும். நிமிடத்துக்கு ஆயிரம் அடி வேகத்தில் காற்று இறங்குகிற இடத்தில், உயரத்தால் இளைத்துப்போன ஹெலிகாப்டர் நிமிடத்துக்கு ஐந்நூறு அடிதான் ஏற முடியும் என்றால் மிச்ச ஐந்நூறும் இறக்கம்தான். முழுச் சக்தியும் கொடுத்துக்கொண்டே கீழே போகலாம். அதனால்தான் மலைமுகட்டைக் கடக்கும் பைலட் நேராகப் போய் முட்டுவதில்லை. ஏறக்குறைய 45 டிகிரி சாய்வாக அணுகுவார். அழுத்தம் தாங்கவில்லை என்றால் சின்னத் திருப்பத்தில் பள்ளத்தாக்குப் பக்கம் விலகிவிடலாம். பள்ளத்தாக்குக்குள் நடுவே போகாமல் ஒரு பக்கச் சரிவை ஒட்டிப் போவதும் இதற்காகத்தான். நடுவில் போனால் திரும்பப் பாதி அகலம்தான் மிஞ்சும். பாறை ஜன்னலுக்கு மிக அருகில் வருகிறதே என்று பயப்படும் பயணிக்கு, மறுபக்கம் எவ்வளவு இடம் விட்டிருக்கிறார் என்பது தெரிவதில்லை.

முகட்டில் காற்று மணிக்கு 45 கிலோமீட்டரைத் தாண்டினால், அதாவது விமானக் கணக்கில் 25 நாட் (knot) வேகத்தைத் தாண்டினால், சுற்றுலாப் பறப்பு வேண்டாம் என்பது பொதுவான விவேகம். ஆடி மாதத்து முப்பந்தலில் நின்று துண்டைப் பறிகொடுத்தவர்களுக்கு அது எப்படிப்பட்ட காற்று என்று சொல்ல வேண்டியதில்லை. அதோடு காற்றாலைக் கோபுரங்களும் உயர் அழுத்த மின்கம்பிகளும் சேர்ந்தால் ஹெலிகாப்டருக்கு அதைவிட மோசமான கணவாய் கிடையாது.

இறங்குமுன் ஹெலிபேடைச் சுற்றி ஒரு வட்டம் அடிப்பார்கள். நமக்காகக் காட்சி காட்டுகிறார் என்று பயணிகள் செல்போனைத் தூக்குவார்கள். அவர் பார்ப்பது வேறு: கொடி எந்தப் பக்கம் பறக்கிறது, புகை எப்படிச் சாய்கிறது, கம்பி ஏதும் போகிறதா, இறங்க முடியாவிட்டால் எந்தப் பக்கம் தப்பிப்பது. காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு மெதுவாகச் செங்குத்தாக இறங்கினால், தன் விசிறி தள்ளிய சுழற்காற்றுக்குள்ளேயே ஹெலிகாப்டர் விழும். சக்தி கொடுக்கக் கொடுக்க இன்னும் வேகமாக இறங்கும். எனவே காற்றை எதிர்கொண்டு, சாய்வாக வந்து இறங்குவது கட்டாயம்.

கிளம்பும்போது ஒன்றைக் கவனியுங்கள். முதலில் தரையிலிருந்து மூன்று நான்கு அடி தூக்கி, ஒரு சில நொடி அப்படியே நிறுத்துவார். அந்த நொடிகளில் அவர் கண் சக்தி காட்டும் மானியில் இருக்கும். இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்கிறார். போதாது என்றால் அப்படியே கீழே வைத்து ஒருவரை இறக்கிவிடுவார். தரைக்கு அருகில் நிற்கும்போது விசிறிக் காற்று தரையில் பட்டு மெத்தைபோல் தாங்கும். விசிறியின் விட்டம் அளவு உயரம் வரைதான் அந்தத் தாங்கல். மலை விளிம்பில் உள்ள ஹெலிபேடை விட்டு வெளியே போன அந்தக் கணம் கீழே தரை இல்லை, மெத்தையும் இல்லை. ஹெலிகாப்டர் சற்றே அமுங்கி, மூக்கைக் கீழே சாய்த்து, வேகம் எடுத்து, பிறகு ஏறும். வயிற்றைப் பிசையும் அந்த அமுக்கம் கோளாறு இல்லை. முன்வேகம் மணிக்கு 30, 40 கிலோமீட்டர் வந்ததும் விசிறிக்குப் புதுக்காற்று கிடைத்துத் தூக்குதல் கூடுவதை உடம்பிலேயே உணரலாம்.

மேகம்

காற்றைவிட, எடையைவிட அதிகம் பேரைக் கொன்றது மேகம்தான். இந்தச் சுற்றுலாப் பறப்புகள் கண்ணால் தரையைப் பார்த்துக்கொண்டே பறக்கும் விதியில் நடப்பவை. வெள்ளைக்குள் புகுந்துவிட்டால் மேல் எது, கீழ் எது என்று உள்காது பொய் சொல்லும். வண்டி சாய்ந்திருக்கும்; உடம்பு நேராக இருப்பதாகச் சொல்லும். சுற்றிலும் மலை.

நமக்குப் பக்கத்திலேயே இதற்குச் சான்று இருக்கிறது. 2021 டிசம்பர் 8, சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் போன எம்ஐ-17 குன்னூர் அருகே விழுந்து, முப்படைத் தலைமைத் தளபதி விபின் ராவத் உட்பட அதில் இருந்த 14 பேரும் இறந்தார்கள். 13 பேர் அன்றே, ஒருவர் ஒரு வாரம் கழித்து. அது இரட்டை என்ஜின் ராணுவ ஹெலிகாப்டர்; ஓட்டியவர்கள் தேர்ந்தவர்கள். முப்படை விசாரணை இயந்திரக் கோளாறும் சதியும் இல்லை என்றது. பள்ளத்தாக்கில் வானிலை திடீரென மாறி மேகத்துக்குள் புகுந்ததில் திசையுணர்வு பிறழ்ந்து மலையில் மோதியது என்றது. ஒற்றை என்ஜினா, இரட்டை என்ஜினா என்று மட்டும் கேட்டுத் திருப்திப்படுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். என்ஜின் நின்றால்கூட விசிறி கீழிருந்து வரும் காற்றில் சுழன்றுகொண்டே ஹெலிகாப்டரை இறக்கித் தரும். இறங்கச் சமதளம்தான் வேண்டும். மேகத்துக்குள் மறைந்திருக்கும் பாறையில் மோதினால் அப்படி மாற்று வழி எதுவும் இல்லை.

2022 அக்டோபர் 18 அன்று கேதார்நாத்திலிருந்து திரும்பிய ஹெலிகாப்டர் மூடுபனியில் மோதி ஏழு பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து போன யாத்ரீகர்களும் அதில் உண்டு. 2025 ஜூன் 15 அதிகாலையில் அதே வழியில் இன்னொன்று. அதிலும் ஏழு பேர். காலை நேரம் நல்லது என்பது பொதுவிதி மட்டுமே. அன்றைய பள்ளத்தாக்கு அதை மீறலாம். 2025 மே 8 அன்று உத்தரகாசி மாவட்டத்தில் கங்னானி அருகே நடந்ததில் ஆறு பேர் இறந்தார்கள். சாலையில் அவசரமாக இறங்க முயன்றபோது மேலே போன கேபிளில் விசிறி பட்டது என்று முதற்கட்ட அறிக்கை சொன்னது. நேபாளத்தில் 2023 ஜூலையில் எவரெஸ்ட் பக்கம் ஆறு பேரோடு ஒரு சுற்றுலா ஹெலிகாப்டர் விழுந்த பிறகு, மழைக்காலம் முடியும்வரை சுற்றிப் பார்க்கும் பறப்புகளையே நிறுத்திவைத்தார்கள்.

மேகம் எந்த உயரத்தில் கட்டும் என்று தோராயமாக நாமே கணக்கிடலாம். தரையில் வெப்பத்துக்கும் பனிநிலை வெப்பத்துக்கும் (காற்றிலுள்ள ஈரம் துளியாக ஆரம்பிக்கும் வெப்பம், டியூ பாயின்ட்) உள்ள வித்தியாசத்தை 125-ஆல் பெருக்கினால் மேகத்தின் அடிமட்டம் மீட்டரில் வரும். பெரும்பாலான வானிலைச் செயலிகளில் இரண்டு எண்ணும் இருக்கும். நாகர்கோவிலில் 31 டிகிரி, பனிநிலை 25 என்றால் வித்தியாசம் 6. மேகம் 750 மீட்டரில். மகேந்திரகிரியின் மேல்பாதி பகல் பதினொரு மணிக்கே தலைப்பாகை கட்டிக்கொள்வது இதனால்தான். விடியற்காலையில் காற்றை மேலே தூக்கும் சூடு இல்லாததால் மலை துலக்கமாகத் தெரியும். வெயில் ஏற ஏற, கடலிலிருந்து வந்த ஈரம் சரிவில் ஏறி மேகமாகும். இமயமலைப் பள்ளத்தாக்குகளிலும் இதே கடிகாரம்தான்: பத்து மணிக்கு மேல் பள்ளத்தாக்குக் காற்று மேல்நோக்கி வீச ஆரம்பிக்கும், மதியத்துக்குள் முகடுகள் மூடும். கீழே ஹெலிபேடில் வெயில் அடிக்கும்போது ரத்து என்று சொன்னால், மூடியிருப்பது மேலே இறங்க வேண்டிய இடம் என்று அர்த்தம்.

பனிப்பரப்பின் மேல் இன்னொரு தொல்லை. வானமும் தரையும் ஒரே வெள்ளையாக, நிழலே இல்லாத வெளிச்சத்தில் தரை எத்தனை அடி கீழே என்று கண்ணுக்குப் பிடிபடாது. பனியில் ஒரு பாறையோ கொடியோ பார்வையில் இருந்தால்தான் பைலட் இறங்குவார், இல்லையென்றால் திரும்பிவிடுவார்.

ஏறும் இடத்தில்

விசிறி சுற்றிக்கொண்டிருக்கும்போதே ஏற்றி இறக்குவதுதான் மலையில் வழக்கம். முன்பக்கமாக, பைலட் கண்ணில் படும்படி போக வேண்டும். வால் பக்கம் ஒருபோதும் கூடாது. வால்விசிறி சுற்றும் வேகத்தில் அது இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. 2023 ஏப்ரலில் கேதார்நாத் ஹெலிபேடில் ஓர் அரசு அதிகாரியே அதில் சிக்கி இறந்தார். தரை சரிவாக இருந்தால் பள்ளத்துப் பக்கமாக ஏறி, பள்ளத்துப் பக்கமாகவே இறங்க வேண்டும்; மேட்டுப் பக்கம் மேல்விசிறிக்கும் தலைக்கும் இடைவெளி குறைந்துபோகும். ஊழியர் கைகாட்டும்வரை நகர வேண்டாம்.

வேட்டி, சேலை, துப்பட்டா, துண்டு எல்லாம் இறுக்கிச் செருகியிருக்க வேண்டும். வேட்டிக்குப் பதில் பேன்ட் போட்டுப் போவது நல்லது. தொப்பி பைக்குள். குடையும் செல்ஃபி குச்சியும் தலைக்கு மேல் போகவே கூடாது. பறந்த தொப்பியைத் துரத்தி ஓடுவதுதான் இந்த இடத்தில் செய்யக்கூடிய மிக மோசமான காரியம். கதவை நாமே திறக்கவோ அறைந்து சாத்தவோ வேண்டாம்; ஊழியர் பார்த்துக்கொள்வார். பெல்ட் நான்கு பக்கம் வந்து நடுவில் பூட்டும். அதைத் திறக்கும் விதத்தை விசிறிச் சத்தத்துக்கு முன்பே, தரையில் கேட்டுக்கொள்ள வேண்டும். ஹெட்செட் மைக் உதட்டைத் தொடும் அளவுக்கு அருகில் இருந்தால்தான் பேச்சு கேட்கும். கிளம்பும்போதும் இறங்கும்போதும் பைலட்டிடம் பேச்சுக் கொடுக்க வேண்டாம்.

படம் எடுக்க: கறுப்புச் சட்டை போடுங்கள், ஜன்னலில் உங்கள் பிரதிபலிப்பு விழாது. லென்ஸை ஜன்னலுக்கு அருகில் வையுங்கள், ஆனால் ஒட்ட வேண்டாம். கையையும் சட்டத்தில் ஊன்ற வேண்டாம், அதிர்வு நேராகக் கேமராவுக்குப் போகும். ஷட்டர் நொடிக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு. போலரைசர் வேண்டாம், பிளாஸ்டிக் ஜன்னலில் வானவில் கோடு விழும்.

உடம்பு

இந்த ஹெலிகாப்டர்களில் விமானம்போல் உள்ளே அழுத்தம் ஏற்றும் வசதி இல்லை. வெளியே என்ன காற்றோ உள்ளேயும் அதேதான். 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் பாதி. குமரியில் பிறந்து கடல் மட்டத்திலேயே வாழ்ந்தவர் ஒரே காலையில் அங்கே போய் நின்றால் மூச்சு வாங்கும், தலை லேசாகும், நாலு அடி வேகமாக வைத்தாலே நெஞ்சு படபடக்கும். பத்து நிமிடத்தில் இறங்கிவிடுவதால் பெரும்பாலோருக்கு இதோடு போய்விடும்; மலைநோய் என்று சொல்லும் தலைவலியும் குமட்டலும் பொதுவாக ஆறு மணி நேரம் கழித்துத்தான் தொடங்கும். ஆபத்து, மேலேயே தங்குகிறவர்களுக்கு. நடந்து போகிறவருக்குக் கேதார்நாத் 16 கிலோமீட்டர் ஏற்றம். உடம்பு பழகக் கொஞ்சமாவது நேரம் கிடைக்கிறது. ஹெலிகாப்டரில் போகிறவர் சுமார் 1,300 மீட்டரில் உள்ள குப்தகாசியிலிருந்து பத்து நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் 3,583-க்குப் போய், அங்கேயே ராத்தங்கினால் அந்த இரவுதான் சோதனை. வயதானவர்களை நடக்கவிடாமல் ஹெலிகாப்டரில் ஏற்றிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதை யோசிப்பதில்லை. தரிசனம் முடிந்து அன்றே இறங்குவது நல்லது.

இதயநோய், ஆஸ்துமா, ரத்தசோகை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் ஏறக் கூடாது. சளி பிடித்துக் காது அடைத்திருந்தால் இறங்கும்போது வலி உயிர்போகும். குழந்தைகளுக்கு வாயில் ஏதாவது சப்பக் கொடுக்க வேண்டும். ராமேஸ்வரத்திலோ அந்தமானிலோ ஸ்கூபா முக்குளிப்பு முடித்து 24 மணி நேரம் ஆகாமல் உயரே பறக்கக் கூடாது.

டிக்கெட்டும் நாளும்

கேதார்நாத் ஹெலிகாப்டர் டிக்கெட் ஐஆர்சிடிசியின் ஹெலியாத்ரா தளத்தில்தான். அதற்கு முன் சார்தாம் யாத்திரைப் பதிவு முடித்திருக்க வேண்டும். வைஷ்ணோதேவிக்கு ஆலய வாரியத்தின் தளம். இதே பெயரில் போலித் தளங்கள் ஏராளம். வாட்ஸ்அப்பில் டிக்கெட் அனுப்புகிறேன் என்று முன்பணம் கேட்டால் அது மோசடிதான். தனியார் நிறுவனம் என்றால் டிஜிசிஏ (விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசு அமைப்பு) கொடுத்த வாடகைப் பறப்பு அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். நேபாளத்துக்கு விமானத்தில் போக பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை கையில் வேண்டும். பயணக் காப்பீடு எடுத்திருந்தால் ஹெலிகாப்டர் சுற்றுலாவை விலக்கியிருக்கிறார்களா என்று விதிவிலக்குப் பகுதியைப் படித்துப் பாருங்கள், பலவற்றில் விலக்கியிருப்பார்கள்.

கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி ஒன்றுதான்: வானிலையால் ரத்தானால் முழுப் பணமும் திரும்புமா, மறுநாள் இடம் கிடைக்குமா? இதற்குத் தயங்காமல் பதில் சொல்லும் நிறுவனத்தின் பைலட்டுக்குத்தான், இன்று வேண்டாம் என்று சொல்லும் சுதந்திரம் இருக்கும். ரத்தே செய்ததில்லை என்று பெருமை பேசும் இடத்தை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். ஹெலிபேடில் நின்று, இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று கூச்சல் போட்டுக் கிளப்பப் பார்ப்பதும் அதேபோல் விபரீதம்தான். வானிலை அல்லாத வேறு காரணத்தாலும் பறப்பு நிற்கும். 2025-இல் அமர்நாத் யாத்திரை வழிகள் முழுவதும் பறக்கத் தடைப் பகுதியாக அறிவிக்கப்பட்டன, அந்த ஆண்டு யாருக்கும் ஹெலிகாப்டர் இல்லை.

எவரெஸ்ட் பார்க்க அக்டோபர், நவம்பர், பிறகு மார்ச் முதல் மே. கேதார்நாத்துக்கு நடை திறந்த பிறகு மே, ஜூன் தொடக்கம், அல்லது மழை விட்ட செப்டம்பர் இறுதி முதல். எந்த மாதமானாலும் முதல் பறப்பையே போடுங்கள். அது ரத்தானால் அன்றைக்கே இன்னொரு வாய்ப்பாவது மிஞ்சும்.

இங்கிருந்து போகிறவர்களுக்கு ரயில் கணக்கும் உண்டு. கன்னியாகுமரியில் புறப்படும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் போய் நிற்கும் கடைசி நிலையம் வைஷ்ணோதேவி கட்ரா. 3,700 கிலோமீட்டருக்கு மேல், ஏறக்குறைய மூன்று நாள், அங்கிருந்து சாஞ்சிசத் ஹெலிபேடுக்கு எட்டு நிமிடம், பிறகு கோயிலுக்கு இரண்டரை கிலோமீட்டர் நடை. மூடுபனி இறங்கினால் அந்த எட்டு நிமிடம் 12, 13 கிலோமீட்டர் நடையாகவோ மட்டக்குதிரையாகவோ பல்லக்காகவோ மாறும். முதியவர்களோடு போனால் அதற்கும் சேர்த்து ஒரு முழுநாளை ஒதுக்குங்கள். திரும்பும் ஹிம்சாகர் வாரத்துக்கு ஒன்றுதான். அது கிளம்பும் நாளிலோ அதற்கு முந்தின நாளிலோ ஹெலிகாப்டர் போடாதீர்கள்.